மூன்று பை கடதாசியும் ஒரு எம்.ஜி.ஏ. காரும்

2023 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் கராஜிலிருந்து மூன்று பை பழைய கடதாசிகளைத் தூக்கிக்கொண்டுபோய் மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். புதன் விடியக் கவுன்சில் லொறி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர், என் கணவர், இறந்து ஒரு வருசத்துக்கு மேலாகியும் அந்தக் கராஜ் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குத்தான் துணிந்து உள்ளே போனேன். எலி கடித்த பில்லுகள், எண்ணெய்க் கறை படிந்த கொப்பிகள், எப்போதோ வாங்கிய சாமான்களின் ரசீதுகள். ஒன்றையும் வாசித்துப் பார்க்கவில்லை. அந்தப் பைகளுக்குள் பல ஆயிரம் பவுண்ஸ் இருந்ததென்று ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கள் வீட்டிலும் அப்பாவோ கணவரோ ஒரு பழைய காரை விட்டுவிட்டுப் போயிருந்தால், கராஜைத் துப்புரவாக்க முன்னர் இதை வாசியுங்கள்.

கார் எம்.ஜி. என்ற பிரித்தானியக் கம்பனியின் எம்.ஜி.ஏ. 1600. 1960இல் செய்தது, கூரையில்லாத இரண்டு இருக்கைக்கார். இவர் 1991இல் வாங்கினார். அப்போது நாங்கள் லண்டன் ஹரோவில் வீடு வாங்கி இரண்டு வருசம்கூட ஆகவில்லை. வீட்டுக்கடன் இருக்க இதென்ன விசர் வேலை என்று நான் ஒரு கிழமை இவரோடு கதைக்கவில்லை. மாமா, இவருடைய அப்பா, யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 கார் வைத்து ஹயர் ஓடியவர். அந்தக் காரின் பொனட்டுக்குக் கீழேதான் இவர் வளர்ந்தார் என்று சொல்லவேண்டும். "ஏ40 எஞ்சினுக்குத் தம்பி முறைதான் இந்த எஞ்சின், இங்க பாரும்" என்று எனக்குக் காட்டுவார். அவர் சொன்னது சரி. ஏ40 டெவன் காருக்குச் செய்த 1200 சீசீ எஞ்சினின் அமைப்பிலிருந்துதான் பி சீரிஸ் எஞ்சின் வந்தது, எம்.ஜி.ஏ.யில் இருப்பது அதுதான். சனி, ஞாயிறு எல்லாம் அந்தக் காருக்குக் கீழேதான் கிடப்பார். 1996இல் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, நெடுந்தூரம் ஓட நல்லதென்று, அதற்குப் பிறகு வந்த எம்.ஜி.பி. காரின் 1798 சீசீ எஞ்சினைப் போட்டார். பிறகு முழுக்காரையும் உரித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். 2022 பெப்ரவரியில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

நான் கார் ஓட்டுவேன், ஆனால் அதை ஒருநாளும் ஓட்டியதில்லை. மகன் மெல்பேர்ணில். விற்றுவிடுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டான். காரின் பதிவுப் பத்திரத்தை, அதாவது வீ5சீயை, என் பெயருக்கு மாற்றியதில் சிக்கல் இல்லை. எப்போது இறந்தார், நான் யார் என்று ஒரு கடிதம் எழுதி, பத்திரத்தோடு ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டீ.வீ.எல்.ஏ.வுக்கு அனுப்பினேன். சில கிழமையில் புதியது வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன். அந்தப் பத்திரத்தில் அச்சடித்தே இருக்கிறது, இது உரிமைக்கு அத்தாட்சி இல்லை என்று. கார் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கார் எங்கே பிறந்தது, யார் யார் கை மாறியது, எப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வேறு கடதாசிகளில் இருக்கவேண்டியவை. அந்த உலகத்தில் உள்ளவர்கள் அதை ஹிஸ்டரி ஃபைல் என்பார்கள்.

முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. யாரோ தெரிந்தவர் மூலம் தகவல் போயிருக்கிறது. கராஜுக்குள் பத்து நிமிடம் நின்றார், பொனட்டைத் திறந்தார், தலையை ஆட்டினார். எஞ்சின் வேறு, நிறம் வேறு, இது அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கார், ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், 9,000 பவுண்ஸ் இப்போதே காசாகத் தருகிறேன் என்றார். எனக்கு நெஞ்சு இடித்தது. கிட்டத்தட்ட ஓம் என்று சொல்லிவிட்டேன். பெறாமகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு சாட்டு வாயில் வந்ததால் தப்பினேன். தனியாக இருக்கும் பெண்ணிடம் "இப்போதே" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு சொல்லுக்காகவே அன்றைக்கு விற்காதீர்கள்.

பிறகு ஒரு ஏல நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். ஆள் வந்தார், மரியாதையானவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹிஸ்டரி ஃபைல் எங்கே?" என்னிடம் இருந்தது வீ5சீயும் கடைசி இரண்டு வருசத்து இன்சூரன்ஸ் கடிதமும். பழைய லொக்புக், அதாவது முந்திய காலத்துப் பதிவுப் புத்தகம், இருந்ததா என்று கேட்டார். எப்படி இருக்கும் என்றேன். மங்கிய நிறத்தில் மடிப்பு அட்டை, உள்ளே ஒவ்வொரு சொந்தக்காரரின் பெயரும் பேனா மையில் எழுதி, கவுண்டி கவுன்சிலின் முத்திரை குத்தியிருக்கும் என்று கையால் அளவு காட்டினார். அந்த அட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை நான் தொட்டிருக்கிறேன். இரண்டாவது பையில், ஒரு பற்றரி விற்பனை அட்டைக்கும் வருசா வருசம் செய்யும் எம்.ஓ.டீ. வாகனச் சோதனையின் பழைய சான்றிதழ்களுக்கும் நடுவில் அது இருந்தது. ஓரத்தில் நாடாவால் ஒட்டியிருந்தது. அந்த மனுசர் நிற்கும்போதே நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்தக் காருக்கு ஏன் கடதாசி இவ்வளவு முக்கியம் என்பதை அவர்தான் விளக்கினார். 1955 முதல் 1962 வரை எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலையில் 1,01,081 எம்.ஜி.ஏ. செய்தார்கள். அதில் பிரித்தானியாவிலேயே விற்றது ஆறாயிரம்கூட இல்லை. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனது. இன்றைக்கு இங்கே ஓடுகிற எம்.ஜி.ஏ.க்களில் நிறைய அங்கிருந்து திரும்பி வந்து, ஸ்டியரிங் மாற்றப்பட்டவை. அதில் ஒரு பிழையும் இல்லை, நல்ல கார்கள்தான். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு விற்ற கார் அபூர்வம் என்பதால் அதற்கு விலை வேறு. சேசி நம்பர், அதாவது காரின் அடிச்சட்டத்துக்குக் கொடுத்த நம்பர், ஜீ.எச்.என். என்று தொடங்கினால் வலப்பக்கக் கார், அதன் பின்னால் ஒரு எல் இருந்தால் இடப்பக்கக் கார். அந்த நம்பர் அடித்த எங்கள் காரின் தகட்டில் எல் இல்லை. ஆனால் தகடு பளபளவென்று புதிதாக இருந்தது. பெயின்ட் அடித்தபோது பழைய தகட்டைக் கழற்றிவிட்டு இவர் புதியது செய்து போட்டிருக்கிறார். அப்படியான தகடுகள் கடையில் வாங்கலாம், எந்த நம்பரும் அடிக்கலாம். புதுத் தகடு, எம்.ஜி.பி. எஞ்சின், மாற்றிய நிறம், கடதாசி ஒன்றும் இல்லை. ஏல நிறுவனத்து ஆளை நான் குறை சொல்லமாட்டேன். சந்தேகப்பட எல்லாமே இருந்தது.

என் பிழை அதற்குப் பிறகு நடந்தது. செப்டெம்பரில் ஒரு ஏலம் இருக்கிறது, அதற்குள் போடலாம் என்றார்கள். நான் அவசரப்பட்டேன். அந்தக் கராஜைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது, எப்படியாவது போய்விடட்டும் என்றிருந்தேன். 15,000 முதல் 18,000 பவுண்ஸ் என்று மதிப்புப் போட்டார்கள். 15,000க்குக் கீழே விற்பதில்லை என்று ரிசேர்வ் வைத்தோம். விவரப் புத்தகத்தில் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்ட கார் என்று நம்பப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. அச்சுக்குப் போக முன்னர் எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்டார்கள். நான் சரி என்று பதில் போட்டேன். தெரியாத ஒன்றுக்குச் சரி சொன்னேன். விவரப் புத்தகத்தில் உங்கள் காரைப் பற்றிப் போகும் ஒவ்வொரு வரியையும், எதை வைத்து இதை எழுதினீர்கள் என்று கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் சாதகமான வரிக்கும் இதே விதிதான், ஏனென்றால் பொய்யான விவரம் என்று பிறகு தெரிந்தால் வாங்கியவர் உங்களிடம்தான் திரும்பி வருவார்.

வாங்க நினைப்பவர்கள் வந்து கார்களைப் பார்க்கும் நாளன்று நானும் போயிருந்தேன். ஒன்றரை வருசம் ஓடாத கார். இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பற்றரி இருக்கிறதென்றும் அவற்றை மாற்றவேண்டுமென்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு இளைஞர் உள்ளே இருந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. திரும்பவும் இழுத்தார், அதே டிக். சுற்றி நின்றவர்கள் அடுத்த காருக்குப் போய்விட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அடுத்த நாள் ஏலம் 12,500இல் நின்றது. விற்கவில்லை. ஏலத்தில் காரைப் பதியும் கட்டணம் வரியோடு 240, ட்ரெய்லர் போக 180, வர 180. ஆக 600 பவுண்ஸ் போனது. அதைவிடப் பெரிய நட்டம், விற்காமல் போனது என்ற செய்தி இணையத்தில் நிற்கும். அடுத்து வருகிறவர் நம்பரைத் தேடினால் அதுதான் முதலில் வரும்.

அதற்குப் பிறகுதான், அவசரப்பட முன்னர் செய்திருக்க வேண்டியதை எல்லாம் செய்தேன். வார்விக்‌ஷயரில் கேடன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. அபிங்டன் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. சேசி நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஹெரிட்டேஜ் சேர்ட்டிஃபிகேட் தருவார்கள். எந்தத் திகதி செய்தது, எந்த எஞ்சின் நம்பரோடு, என்ன நிறத்தில், எந்தச் சந்தைக்குப் போனது என்று அதில் இருக்கும். செலவு ஒரு தடவை ட்ரெய்லர் பிடிப்பதைவிடக் குறைவு. நவம்பரில் தபாலில் வந்தது. வலப்பக்க ஸ்டியரிங், உள்நாட்டுச் சந்தை, நிறம் ஐரிஸ் புளூ, எஞ்சின் நம்பர் 16ஜீஏ என்று தொடங்கியது. ஹோலில் நின்றபடியே நாலைந்து தடவை வாசித்தேன். இவருக்கு இது தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லியும் இருப்பார், நான்தான் காது கொடுத்திருக்கமாட்டேன்.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது, இதையும் அப்போதுதான் அறிந்தேன். அப்படி ஒரு நம்பரில் அப்படி ஒரு கார் பிறந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. என் கராஜில் நிற்பது அந்தக் கார்தானா என்பது அடுத்த கேள்வி. நம்பரையும் இரும்பையும் கட்டுகிற ஒரு முடிச்சு வேண்டும். எம்.ஜி. கார் கிளப் என்று ஒன்று இருக்கிறது, தலைமையகம் இன்றைக்கும் அபிங்டனில்தான். அவர்கள் மூலம் எம்.ஜி.ஏ. தெரிந்த ஒரு பெரியவர் டிசெம்பரில் வீட்டுக்கு வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காசு வாங்கவில்லை, தேத்தண்ணிதான் குடித்தார். டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வயர்கள் போகும் ஒரு மடிப்புக்குள், சிவப்புப் பெயின்ட் எட்டாத இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு நீலம். மங்கிய, சாம்பல் கலந்த நீலம். ஐரிஸ் புளூ.

எழுந்தவர் மேசைக்குக் கீழே தார்ப்பாயால் மூடியிருந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பழைய இரும்பு என்றேன். ஏப்ரலில் அதையும் எறியத்தான் பார்த்தேன், என்னால் அசைக்க முடியவில்லை. அவர் தார்ப்பாயை விலக்கினார். ஒரு எஞ்சின். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பக்கத்தில் இருந்த சின்னத் தகட்டைத் தேய்த்தார். கறுப்பு மெதுவாகக் கரைந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, அவர் தகட்டைப் பார்த்துச் சொன்னார். கடைசி இலக்கம்வரைக்கும் ஒன்றுதான். 1996இல் இறக்கிய எஞ்சினை இவர் எறியவில்லை. ஒருநாள் திருப்பிப் போடலாமென்று வைத்திருக்கிறார். பாரமில்லாத கடதாசி எல்லாவற்றையும் நான் எறிந்துவிட்டேன், தூக்க முடியாத அந்த ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது.

இதற்கு இடையில் வேறொருவர் எனக்குச் சொன்ன யோசனையையும் எழுதவேண்டும். 16ஜீஏ என்று ஒரு தகடு அடித்து இப்போது இருக்கும் எஞ்சினில் தட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை, விலை ஏறும் என்றார். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது மோசடி. அதோடு எஞ்சின் மாறியிருப்பது ஒரு குற்றமும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கிளப் பெரியவர் எனக்கு 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். 1929இலும் 1930இலும் லே மான்ஸ் கார் ஓட்டத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். ஒரு கோடி பவுண்ஸுக்குப் பேசி, பிறகு இது உண்மையான கார் இல்லை என்று வாங்குபவர் பின்வாங்கினார். ஓடி வென்ற காலத்துப் பாகங்கள் அதில் மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அந்தக் கார் இடையில் எங்கும் அற்றுப்போகாமல் தொடர்ந்து ஒரே காராக வாழ்ந்து வந்திருக்கிறது என்று நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்டபிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. தொடர்ச்சியைக் காட்டினால் போதும், எல்லாம் பழசாக இருக்கவேண்டும் என்றில்லை.

அதனால் எறிந்ததில் எவ்வளவைத் திருப்பி எடுக்கலாம் என்று இறங்கினேன். 2005க்குப் பிறகு நடந்த எம்.ஓ.டீ. சோதனைகளை அரசாங்கத்தின் இணையத்தளத்தில் கார் நம்பரைப் போட்டே பார்க்கலாம், காசில்லை. ஓடிய மைல்கணக்கு வருசம் வருசமாக இருந்தது, அச்செடுத்தேன். கார் முதலில் பதிவான கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். பல இடங்களில் பழைய பதிவேடுகளை அழித்துவிட்டார்கள், எனக்கு அதிர்ஷ்டம், இந்தப் பதிவேடு இருந்தது. முதல் பக்கத்தின் நகல் வந்தபோது நிறம் என்ற இடத்தில் புளூ என்று கையெழுத்தில் இருந்தது. எங்கள் கல்யாண அல்பங்கள், பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் எல்லாவற்றையும் கிளறினேன். 1992இல் மகனைப் பொனட்டில் இருத்தி எடுத்த ஒரு படத்தில் பெயின்ட் அடிக்க முன்னர் இருந்த காரும் நம்பரும் வடிவாகத் தெரிந்தன. பெறாமகனின் பழைய மின்னஞ்சலில் இவர் அனுப்பிய ஆறு படங்கள் கிடந்தன. கடைசியாக, எறிந்துபோன லொக்புக்கைப் பற்றி எனக்கு என்ன ஞாபகமோ, இவர் எந்த வருசம் என்ன செய்தாரோ, அதை மூன்று பக்கத்தில் எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஞாபகம் இல்லாத இடத்தில் ஞாபகம் இல்லை என்றே எழுதினேன். கிளப் பெரியவர் வாசித்துவிட்டு, இதையும் ஃபைலில் வையுங்கள், மனைவியின் கையெழுத்து என்றால் வாங்குகிறவர்கள் மதிப்பார்கள் என்றார்.

இரண்டாவது தடவை 2024 மே மாதம், வேறு ஏல நிறுவனம். கூரையில்லாத காரை வெயில் தொடங்கும்போது விற்கவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், சரியாகத்தான் இருந்தது. புதுப் பற்றரி இரண்டு போட்டு, மெக்கானிக்கைக் கொண்டு பிரேக்கையும் பெற்றோல் குழாயையும் சரிபார்த்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணி ஓடுவதை பெறாமகன் வீடியோ எடுத்தான். கீழ்ப்பக்கப் படங்களும் கொடுத்தோம். பழைய எஞ்சினைப் பலகையில் வைத்துக் காரோடு சேர்த்தே விற்றோம். இங்கே இன்னொரு விசயம். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குகிறவருக்கு, கடையில் வாங்குகிறவருக்கு 2015 நுகர்வோர் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு அப்படியே கிடையாது. அதனால் அவர்கள் பயத்தோடுதான் கை தூக்குவார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கிற ஒவ்வொரு கடதாசியும் விலையில் ஏறும்.

21,500இல் சுத்தியல் விழுந்தது. அதுவும் முழுக்க என் கைக்கு வராது. ஏல நிறுவனத்துக்கு நான் கட்டிய தரகு 6 வீதமும் அதற்கு வரியும் 1,548. பதிவு 180, ட்ரெய்லர் 180. முதல் தடவை போன 600ஐயும் கழித்தால் 18,992. பற்றரி, மெக்கானிக் செலவு வேறு. வாங்கியவரும் பிரீமியம் என்று ஏல நிறுவனத்துக்கு 15 வீதமும் அதற்கு வரியும் கட்டி, அவருக்கு 25,370 முடிந்தது. ஏலத்தில் கேட்கிறவர்கள் இந்த மொத்தத்தை மனதில் வைத்துத்தான் கேட்பார்கள், நீங்களும் ரிசேர்வ் வைக்கும்போது இதை யோசியுங்கள். சொந்தப் பாவனைக் காரை விற்ற இலாபத்துக்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்பது ஒரு ஆறுதல். லொக்புக்கும் இவருடைய ரசீதுகளும் முழுசாக இருந்திருந்தால் இன்னும் நாலாயிரம், ஐயாயிரம் கூடியிருக்கும் என்று அந்த நிறுவனத்து ஆள் சொன்னார். காசைவிட எனக்கு அந்தக் கொப்பிகள்தான் இன்னும் மனதை அறுக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் செய்த வேலையை இவர் தன் கையால் எழுதி வைத்திருந்த கொப்பிகள் அவை.

வாங்கியவர் டேர்பிஷயரில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியோடு வந்திருந்தார். ஃபைலைக் கையில் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் முதல் அவர் அந்த மூன்று பக்கத்தைத்தான் நின்று வாசித்தார். அவருடைய மனைவி காருக்குப் பக்கத்தில் நின்று கதவில் கைபிடியைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தக் காருக்கு வெளியில் கைபிடி இல்லை. நான் கிட்டப்போய், கதவுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு, பக்கப் பைக்குள் இருக்கும் கயிற்றை எப்படி இழுப்பதென்று அவருக்குக் காட்டினேன்.